அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்து வளர்ந்து, அமெரிக்காவில் குடும்பம் நடத்தும் பெற்றோர், பிள்ளையின் கணக்கு வீட்டுப்பாடத்தைத் தயக்கமின்றிப் பார்த்துக்கொடுப்பார்கள். சோஷியல் ஸ்டடீஸ் தாள் மேசைக்கு வந்தால் மட்டும், "அம்மாகிட்ட கேளு", "அப்பாகிட்ட கேளு" என்று அது கைமாறத் தொடங்கிவிடும். அசோகரையும் சோழரையும் பானிப்பட்டுப் போர்களையும் படித்தவர்களுக்கு அமெரிக்கப் பூர்வகுடியினரான ஹோப்பி மக்களைப் பற்றியோ, குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவைப் பற்றியோ யாரும் சொல்லித்தந்ததில்லை. பாடத்திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் 3ஆம் வகுப்பில் சொந்த ஊரும் சமூகமும், 4ஆம் வகுப்பில் மாநில வரலாறும், 5ஆம் வகுப்பில் நாட்டின் வரலாறும் இடம்பெறுகின்றன. பூர்வகுடி மக்கள், குடியேற்றம், அரசாங்கம் ஆகிய மூன்றும் இவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும்.

என் அனுபவத்தில், தெரியாத செய்திகள் நமக்குப் பெரிய தடையாக இருப்பதில்லை. பிள்ளையின் புத்தகத்தை அரை மணி நேரம் படித்தால் அவை பிடிபட்டுவிடும். நமக்கு ஏற்கெனவே தெரிந்ததாக நாம் நினைக்கும் சொற்களே தொல்லை தருகின்றன. இந்தியன், காங்கிரஸ், கவர்னர், செக்ரட்டரி ஆகிய நான்கும் நாம் ஊரில் பள்ளிப் பருவம் முதலே அறிந்த சொற்கள், நான்கும் இங்கே வேறு பொருள் தருபவை. ஆகவே பாடம் நடத்த உட்காருவதற்கு முன் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, இந்தச் சொற்களைத் தங்கள் மனத்தில் சரிசெய்துகொள்வதுதான்.

பூர்வகுடி மக்கள்: பெயரிலிருந்து தொடங்குங்கள்

1492இல் பஹாமாஸ் தீவுகளில் கரையிறங்கிய கொலம்பஸ், தாம் ஆசியாவின் இந்தியத் தீவுகளை அடைந்துவிட்டதாக நம்பினார். அந்தத் தவறு ஒரு கண்டத்து மக்கள் எல்லோருக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. இந்தியக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வரலாறு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்; "நான் இந்தியன்" என்று வகுப்பில் சொன்னதும், "எந்த டிரைப்?" என்று பக்கத்து இருக்கைப் பிள்ளை கேட்பது இன்றும் நடக்கிறது. தமிழில் நாம் பழகிய 'செவ்விந்தியர்' என்ற சொல், அந்தத் தவறோடு தோலின் நிறத்தையும் சேர்த்து ஒட்டியது; அதை வீட்டுப் பேச்சிலிருந்தே விலக்கிவிடுவது நல்லது. பொதுவாகச் சொல்லும்போது பூர்வகுடி மக்கள் என்றும், முடிந்த இடத்திலெல்லாம் நவாஹோ, செரோக்கி, ஹோப்பி, மோஹாக் என்று அந்தந்த மக்களின் பெயராலும் குறிப்பிடப் பழக்குங்கள். அமெரிக்கச் சட்ட நூல்களிலும், அம்மக்களில் சிலரின் பேச்சிலும் 'அமெரிக்கன் இந்தியன்' என்ற வழக்கு தொடர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லைக் கேட்கும் இடங்களில் பிள்ளை குழம்பாது.

அடுத்து, வட அமெரிக்காவின் வெற்று வரைபடம் ஒன்றை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மக்களின் பெயர்களை எழுதுவதற்கு முன், நிலத்தை மட்டும் வண்ணமிடச் சொல்லுங்கள்: தென்மேற்கின் வறண்ட நிலம், நடுவிலுள்ள புல்வெளி, கிழக்கின் காடு, வடமேற்கின் மழைக் கடற்கரை, வடக்கின் பனி. குறிஞ்சி முதல் பாலை வரை நிலத்தை வைத்து வாழ்க்கையைப் பிரித்துப் பார்க்கும் ஐந்திணை மரபில் வந்த நமக்கு இந்த அணுகுமுறை புதிதன்று. வண்ணமிட்ட பிறகு ஒவ்வொரு நிலத்தையும் காட்டி, "இங்கே நீ வாழ்ந்தால் எதைக் கொண்டு வீடு கட்டுவாய், எதைச் சாப்பிடுவாய்?" என்று கேளுங்கள். மரம் அரிதான தென்மேற்கில் பிள்ளை தானாகவே மண்ணுக்கும் கல்லுக்கும் வந்து சேரும்; அதுதான் புவெப்லோ மக்களின் வீடு. புல்வெளியில் பைசன் என்ற காட்டெருமைக் கூட்டத்தின் பின்னே நகர வேண்டியிருப்பதால் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய டீப்பி என்ற தோல் கூடாரம் பொருத்தமாகிறது. கிழக்குக் காட்டில் பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் மரப்பட்டை வேய்ந்த நெடுவீடும், வடமேற்கில் தேவதாரு வகை மரத்தின் பலகை வீடும், ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீனும் அதே வழியில் புரிந்துவிடும். பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டு வாரத்தில் மறந்துவிடும். நிலத்திலிருந்து காரணம் கண்டுபிடித்த பிள்ளை தேர்வில் பெயரை மறந்தாலும் விடையைக் கட்டியெழுப்பிவிடும்.

இந்த இடத்தில் மூன்று தவறான படிமங்களைத் திருத்த வேண்டும். எல்லாப் பூர்வகுடி மக்களும் குதிரையில் ஏறிக் காட்டெருமை வேட்டையாடினார்கள் என்பது முதலாவது. அமெரிக்கக் கண்டத்தின் குதிரைகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. புல்வெளி மக்கள் ஏறிய குதிரைகள் ஸ்பானியர் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை. ஆகவே படத்தில் குதிரை இருந்தால், அது 1492க்குப் பிந்தைய காட்சி என்று பிள்ளையே காலம் கணித்துவிடலாம். இரண்டாவது, அங்கே நகரங்களே இருந்ததில்லை என்ற எண்ணம். இன்றைய செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, இல்லினாய் மாநிலத்தில் உள்ள கஹோக்கியாவில் ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள மண்மேடு ஒன்று இன்றும் நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் எழுந்த அதே 11ஆம் நூற்றாண்டில் அது பல்லாயிரம் பேர் வாழ்ந்த நகரமாக வளர்ந்தது.

மூன்றாவது படிமம் அவர்கள் மறைந்துபோனவர்கள் என்பது, மூன்றிலும் தீங்கு மிகுந்தது இதுதான். கொலராடோவின் மேசா வெர்டேயில் பாறைக் குடைவுக்குள் சுமார் 150 அறைகளோடு கட்டப்பட்ட 'கிளிஃப் பேலஸ்' குடியிருப்பை அதன் மக்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் விட்டு வெளியேறியது உண்மை. நீண்ட வறட்சி அதற்கு ஒரு காரணம். ஆனால் அவர்களின் வழித்தோன்றல்களான ஹோப்பி, ஜூனி முதலிய புவெப்லோ மக்கள் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் இன்று வாழ்கிறார்கள். கூட்டாட்சி அரசு ஏற்றுள்ள பூர்வகுடி அரசுகள் மட்டும் 570க்கும் மேல். நவாஹோ மக்களின் ஆட்சிப்பரப்பு தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேற்பட்டது. அதற்குத் தனித் தலைவரும் சட்டமன்றமும் நீதிமன்றங்களும் உண்டு. ஆகவே பிள்ளை எழுதும் கட்டுரையில் "வாழ்ந்தார்கள்" என்ற இறந்தகால வினை எங்கெங்கே வருகிறது என்று பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொன்றும் "வாழ்கிறார்கள்" என்று மாற வேண்டுமா எனக் கேளுங்கள்.

மாயா, ஆஸ்டெக், இன்கா ஆகிய மூன்றையும் பிள்ளைகள் ஓயாமல் கலந்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஓர் அடையாளமும் கொடுத்தால் போதும். தெற்கு மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் வாழ்ந்த, இன்றும் வாழும் மாயா மக்களுக்கு எழுத்தும் எண்ணும். நடு மெக்சிகோவின் ஏரி நடுவே 1325இல் டெனோச்டிட்லானை நிறுவிய ஆஸ்டெக் மக்களுக்கு மிதப்பது போன்ற வயல்கள். ஆண்டிஸ் மலைத்தொடரின் இன்கா மக்களுக்குச் சாலைகளும், கணக்கு வைக்கப் பயன்பட்ட 'கிப்பு' என்ற முடிச்சுக் கயிறும். மாயா எண்களைப் பிள்ளையே எழுதிப் பார்க்கலாம்: ஒன்றுக்குப் புள்ளி, ஐந்துக்குக் கோடு, சுழியத்துக்குச் சிப்பி வடிவம். ஒன்பது வயதுப் பிள்ளை தன் வயதை ஒரு கோடும் அதன் மேல் நான்கு புள்ளிகளுமாக எழுதும். பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறி வைத்திருந்த நம் பழைய தமிழ் எண்களான ௰, ௱, ௲ ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஒப்பீடு சுவையாக இருக்கும்.

ஆனால் இந்தப் பகுதியில் நம் வீட்டுக்கு மிகவும் பொருந்தும் வகுப்பறை சமையலறைதான். சாம்பாருக்கும் பொரியலுக்கும் வேண்டிய பொருள்களை மேசையில் பரப்பி, 1492க்கு முன் நம் ஊரில் இல்லாதவற்றைப் பிள்ளையை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், வேர்க்கடலை, முந்திரி, மக்காச்சோளம், மரவள்ளி எல்லாம் ஒரு பக்கம் போய்விடும். பழக்கூடையிலிருந்து கொய்யாவும் பப்பாளியும் அன்னாசியும் அங்கே சேரும். இவை அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடி மக்கள் பயிரிட்டுப் பக்குவப்படுத்தியவை. கடல் வழியாகப் போர்ச்சுகீசியர் முதலியோர் கொண்டுவந்தவை. நம்மவர்கள் புதிய காரத்துக்கு மிளகை வைத்தே மிளகாய் என்று பெயரிட்டார்கள். பரங்கிக்காயோ தன் அயல்வரவைப் பெயரிலேயே சுமக்கிறது.

அந்தப் பரங்கிக்காய் பாடப் புத்தகத்தில் 'மூன்று சகோதரிகள்' என்ற தலைப்பில் மீண்டும் வரும். மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி வகை ஆகிய மூன்றையும் ஒரே மேட்டில் வளர்ப்பது கிழக்குக் காட்டு மக்களின் வேளாண் முறை. வீட்டின் பின்புறம் சிறிது இடம் இருந்தால் செய்தே பாருங்கள். உறைபனி நின்று மண் சூடேறியதும், ஒரு மேட்டில் நான்கைந்து மக்காச்சோள விதைகளை ஊன்றுங்கள். மகரந்தம் காற்றில் பரவுவதால், ஒரே வரிசையில் நடாமல் பல மேடுகளை அருகருகே அமைக்க வேண்டும். பயிர் ஒரு சாண் உயரம் வந்ததும் சுற்றிலும் கொடி பீன்ஸையும், ஒரு வாரம் கழித்து ஓரத்தில் பரங்கி விதையையும் போடுங்கள். சோளத்தட்டை பீன்ஸுக்குக் கொழுகொம்பாகிறது. பீன்ஸின் வேர் மண்ணில் நைட்ரஜனைச் சேர்க்கிறது. பரங்கியின் அகன்ற இலை களையை அடக்கி ஈரம் காக்கிறது. மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலில் சேரும். பயிரை மட்டும் எடுத்துச்சென்று அந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஐரோப்பியப் பகுதிகளில், அந்தச் சத்துக் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பரவியது.

ஐரோப்பியர் அமெரிக்காவிலிருந்து கொண்டு சென்றவற்றைப் போலவே அங்கே கொண்டு வந்தவையும் உண்டு. ஐரோப்பியரோடு வந்த பெரியம்மை முதலிய நோய்களுக்கு அங்குள்ளோர் உடலில் எதிர்ப்பு இல்லாததால் பெருந்தொகையானோர் இறந்தார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் இதை மறைக்க வேண்டியதில்லை; கொடுமையான விவரங்களில் நீண்டு நிற்கவும் வேண்டியதில்லை.

குடியேற்றம்: யார் வந்தார்கள், யாரைக் கொண்டுவந்தார்கள்

"அமெரிக்கா குடியேறிகளின் நாடு" என்ற வாக்கியத்தைப் பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும். அதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன், ஒரு தாளில் நான்கு கட்டங்கள் வரைந்து, வந்தவர்களைப் பிரிக்கச் சொல்லுங்கள்: விரும்பி வந்தவர்கள், உழைத்துக் கடன் தீர்க்கும் உடன்படிக்கையில் வந்தவர்கள், அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்கள், ஏற்கெனவே இங்கே வாழ்ந்து, தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள். 1607இல் ஜேம்ஸ்டவுனிலும் 1620இல் பிளிமத்திலும் இறங்கிய ஆங்கிலேயர்கள் முதல் கட்டத்தில் வருவார்கள். பயணச் செலவுக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வேலை செய்த ஆங்கிலேய ஏழைகள் இரண்டாவது கட்டம். மலையகத்துக்கும் மலேயாவுக்கும் போன நம் ஒப்பந்தக் கூலிகளின் கதை தெரிந்த வீடுகளில் இதை விளக்க அதிக நேரம் ஆகாது, இரண்டு முறைகளும் ஒன்றல்ல என்றாலும். 1619இல் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர் மூன்றாவது கட்டத்துக்கு உரியவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்நாட்டுக்குக் கப்பலில் வந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அடிமையின் பிள்ளையும் அடிமை என்ற சட்டத்தால் 1860இல் அடிமைப்பட்டிருந்தோர் தொகை 40 லட்சத்தை நெருங்கியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, "எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நான்காவது கட்டத்தில் 1838–39இல் ஓக்லஹோமா நோக்கி நடத்திச் செல்லப்பட்ட செரோக்கி மக்கள் வருவார்கள். 'கண்ணீர்ப் பாதை' என்று அந்தப் பயணம் நினைவுகூரப்படுகிறது.

சொந்த நாட்டிலிருந்து தள்ளும் காரணம், புதிய நாட்டுக்கு இழுக்கும் காரணம் என்ற இரண்டு தேர்வில் கட்டாயம் வரும். இதற்கு அயர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டிஸ் மலையில் பிறந்த உருளைக்கிழங்கு அயர்லாந்து ஏழைகளின் ஒரே உணவாகிவிட்டிருந்தது. 1845இல் தொடங்கிய பயிர்நோயால் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். சமையலறைப் பாடத்தில் பார்த்த கிழங்கு இங்கே மீண்டும் வருவதைப் பிள்ளை கவனிக்கிறதா என்று பாருங்கள்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியே நுழைந்தார்கள். முதல் இரண்டு வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிட்டு, மூன்றாம் வகுப்பினரை மட்டும் தீவில் இறக்கிச் சோதித்தார்கள். அதிகாரிகள் அங்கே குடியேறிகளின் பெயர்களை மாற்றினார்கள் என்ற கதை பரவலாக இருந்தாலும், அவர்கள் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியலைப் பார்த்தே பெயரைச் சரிபார்த்தார்கள். தலைப்பெழுத்தோடு மட்டும் வாழ்ந்துவிட்டு, கடவுச்சீட்டுக்காகத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் செய்தியில் தனிச் சுவை உண்டு. உங்கள் கடவுச்சீட்டுப் பெயர் எப்படி உருவாயிற்று என்று பிள்ளைக்குச் சொல்ல இது ஏற்ற தருணம்.

எல்லிஸ் தீவோடு நிறுத்தினால் ஆசியாவிலிருந்து வந்தவர்களின் கதை விட்டுப்போகும். கலிபோர்னியாவின் ஏஞ்சல் தீவு நிலையம் 1910 முதல் 1940 வரை இயங்கியது. அங்கே சீனர்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைபட்டிருந்தார்கள், மரச்சுவர்களில் கவிதைகளைச் செதுக்கினார்கள். 1882இல் சீனத் தொழிலாளர் வருகைக்குத் தடை வந்தது. இந்தியாவிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்கு வழி திறந்தாலும், ஆண்டுக்கு 100 இந்தியர் மட்டுமே வரலாம் என்றது. நாட்டுவாரி ஒதுக்கீட்டை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பிறகே இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் வர முடிந்தது. "நாம் ஏன் இங்கே இருக்கிறோம்?" என்று பிள்ளை கேட்டால், வேலை கிடைத்தது என்பது பாதி விடை, 1965 மீதிப் பாதி.

குடும்ப வரலாற்றை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்துக்குத் தாத்தா பாட்டியைக் காணொளி அழைப்பில் பேட்டி காணச் செய்யலாம். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களில் இந்தப் பேட்டி சுமையாகிவிடக்கூடும். அவ்வாறான வீட்டில், சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லலாம் என்று பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள்.

அரசாங்கம்: தெரிந்த சொற்களில் உள்ள பள்ளங்கள்

1776 ஜூலை 4இல் நாடும் அரசும் ஒரே நாளில் பிறந்துவிட்டதாகப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் உள்ள வேறுபாடு தெரிந்த நமக்கு இதைத் திருத்துவது எளிது. 1776 விடுதலை அறிவிப்பு. அரசியலமைப்பு 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டு, 1789இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை உரிமைகளைச் சொல்லும் முதல் பத்துத் திருத்தங்கள் 1791இல் சேர்ந்தன.

இனி அந்தச் சொற்களுக்கு வருவோம். காங்கிரஸ் என்பது இங்கே கட்சியன்று, நாடாளுமன்றம். கவர்னர் என்பவர் குடியரசுத் தலைவர் நியமித்து ஆளுநர் மாளிகையில் அமர்பவரல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர், நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர். செக்ரட்டரி என்றதும் நமக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி நினைவுக்கு வருவார். இங்கே அவர் துறை அமைச்சர். அதிலும் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' மாநிலத்தைக் கவனிப்பவர் என்று நானே ஒருமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாட்டின் அமைச்சரவையில் அவர் வெளியுறவு அமைச்சர். இந்த அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது, இந்தியாவிலோ உறுப்பினராகியே தீர வேண்டும். ஜனாதிபதியைப் பொறுத்தவரை, 1978 முதல் நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியைப் பார்த்துவரும் இலங்கைத் தமிழர்க்கு, இந்தியத் தமிழரைவிட அமெரிக்க முறை விரைவில் பிடிபடும்.

செனட்டை மாநிலங்களவை என்று மொழிபெயர்த்தால் ஒரு சிக்கல் உண்டு. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், கோவாவுக்கு 1. செனட்டிலோ கலிபோர்னியாவுக்கும் 2, ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் 2. ஆக 50 மாநிலங்களுக்கு 100. மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் கொடுப்பது 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை. அதில் கலிபோர்னியாவுக்கு 52, வயோமிங்குக்கு 1. பெரிய மாநிலங்களும் சிறிய மாநிலங்களும் 1787இல் செய்துகொண்ட சமரசம் இது. 100, 435 ஆகிய இரண்டு எண்களோடு தலைநகர் வாஷிங்டனுக்குரிய 3ஐக் கூட்டினால், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளின் தொகையான 538 கிடைத்துவிடும். வெல்ல 270 வேண்டும்.

அரசின் மூன்று கிளைகளான சட்டமன்றமும் ஜனாதிபதியும் நீதிமன்றமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் முறையை விளக்க, வீட்டையே மூன்றாகப் பிரித்து ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். மாறாத நான்கைந்து விதிகளை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள், அது அரசியலமைப்பு. பிள்ளைகள் சட்டமன்றம்: டேப்லெட் நேரத்தைப் பற்றி மசோதா எழுதி வாக்கெடுப்பார்கள். அம்மாவோ அப்பாவோ ஜனாதிபதி: கையொப்பமிடலாம், மறுக்கலாம். மறுத்ததை மூன்றில் இரு பங்கு வாக்கால் மீண்டும் நிறைவேற்றலாம் என்பதால், இரண்டு பிள்ளைகளும் ஒன்றுசேர்ந்துவிட்டால் ஜனாதிபதியின் மறுப்பு செல்லாது. பாட்டி உச்ச நீதிமன்றம்: கதவிலுள்ள விதிக்கு முரணானால் சட்டத்தை நீக்கிவிடுவார். பேரப்பிள்ளைக்குச் சாதகமாகவே பாட்டி தீர்ப்பளிப்பதை அம்மா எதிர்த்தால், நீதிபதிகளின் பதவி ஏன் வாழ்நாள் முழுமைக்குமானது, அவர்களை நியமிப்பது யார் என்ற கேள்விக்குத் தானாகவே வந்துவிடுவீர்கள். மெய்யான உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். ஜனாதிபதி முன்மொழிய, செனட் ஒப்புதல் தர வேண்டும்.

அந்த அரசியலமைப்பில் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் தொடக்கத்தில் யாரெல்லாம் இல்லை என்பதையும் கேளுங்கள். இடங்களைப் பங்கிடும் கணக்கில் அடிமைகள் ஐந்தில் மூன்று பங்காகவே எண்ணப்பட்டார்கள். அடிமை முறை 1865இல் ஒழிந்தது. பெண்களின் வாக்குரிமை 1920இல் அரசியலமைப்பில் இடம்பெற்றது. இந்நாட்டில் பிறந்த பூர்வகுடி மக்கள் எல்லோருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 1924இல்தான் வந்தது. இத்தனைக்கும், ஐந்து பூர்வகுடி இனங்கள் கூட்டமைப்பாக இணைந்து, குலத் தாய்மார்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்சிமுறையை ஹௌடெனோசௌனி மக்கள் ஐரோப்பியர் குடியேற்றத்துக்கு முன்பே வைத்திருந்தார்கள். அது அமெரிக்க அரசியலமைப்புக்கு எந்த அளவு தூண்டுதலாயிற்று என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. அதன் பங்களிப்பை ஏற்று 1988இல் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றியது.

குடியுரிமைத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கும் பெற்றோருக்கு இவை அனைத்தும் இரட்டைப் பயன் தரும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 வினாக்கள் கொண்ட பட்டியலிலிருந்து 20 வினாக்கள் வரை கேட்கிறார்கள், 12க்குச் சரியான விடை சொல்ல வேண்டும். பட்டியலை அச்சிட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, இரவு உணவுக்குப் பின் நாளைக்குப் பத்தாகக் கேட்கச் சொல்லுங்கள். சபாநாயகர், மாநில கவர்னர் போன்றோரின் பெயரைக் கேட்கும் வினாக்களுக்கு விடை தேர்தலோடு மாறும் என்பதால், அந்த வரிகளைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, நேர்காணலுக்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.